டிராக்டர் பில்லில் ஒரு வரி

போன மாதம் என் தங்கையின் பேரன் வாட்ஸ்அப்பில் ஒரு கொட்டேஷன் அனுப்பினான். வேலூரில் ஒரு டிராக்டர் ஷோரூமில் கொடுத்தது. "தாத்தா, நீங்க சேல்ஸ் டாக்ஸ் ஆபீஸ்ல இருந்தவர்தானே, இது சரியான்னு பாத்து சொல்லுங்க" என்று கீழே எழுதியிருந்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். வண்டி விலை, அதன்மேல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், ஆர்.டி.ஓ. பதிவுச் செலவு, இன்சூரன்ஸ், பம்பருக்கும் மேல்கூரைக்கும் கொக்கிக்கும் சேர்த்து ஒரு தொகை. எல்லாவற்றுக்கும் கீழே "ஹேண்ட்லிங் சார்ஜஸ்" என்று ஒரு வரி.

அந்தக் கடைசி வரியைப் பார்த்ததும் எனக்கு 1983 ஞாபகம் வந்துவிட்டது. இதே பையனின் தாத்தா, அதாவது என் தங்கை வீட்டுக்காரர், டிராக்டர் வாங்கிய வருஷம். அன்றைக்கும் பில்லைச் சரிபார்த்தவன் நான்தான். அந்தக் கதைக்குப் பின்னால் வருகிறேன். அதற்கு முன் இந்த வரிகள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் அந்தக் கதை விளங்காது.

விற்பனை வரி பிறந்த தேதி 1939 அக்டோபர் 1. ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்தார், நிதியையும் அவரே பார்த்தார். 1937-இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கி, 1938-இல் சித்தூருக்கும் கடப்பைக்கும் நீட்டி, 1939-இல் நம் வட ஆற்காட்டுக்குக் கொண்டுவந்தார். நம் ஜில்லாவில் கள்ளுக்கடைகள் மூடிய தேதியும் அதே அக்டோபர் 1-தான். கள்ளு, சாராயக் கடைகளின் ஏல வருமானம் போனால் சர்க்கார் எதைக்கொண்டு நடக்கும்? அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். எல்லாச் சரக்குக்குமான பொது விற்பனை வரி இந்தியாவிலேயே முதலில் வந்தது இங்கேதான். வியாபாரிகள் கூச்சல் போட்டார்கள், கடையடைத்தார்கள். சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வந்த மாதம் முடிவதற்குள் யுத்த விவகாரத்தில் காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமா செய்துவிட்டது. மந்திரிகள் போனார்கள், வரி தங்கிவிட்டது. 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்திக் கடைகளைத் திறந்தபோதும், கள்ளுக்குப் பதிலாக வந்த இந்த வரியைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. என் முப்பத்தைந்து வருஷச் சம்பளம் அதிலிருந்துதான் வந்தது, ஆகவே நான் குறை சொல்லக் கூடாது.

ஆரம்பத்தில் அது மிகச் சின்ன வரி. வருஷத்துக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குக் கீழே வியாபாரம் என்றால் வரியே இல்லை. பெரிய கடைக்காரருக்கு நூறு ரூபாய்க்கு அரை ரூபாய். ஆனால் கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் விழும். மில்காரர் மண்டிக்கு விற்றால் ஒன்று, மண்டி சில்லறைக் கடைக்கு விற்றால் இன்னொன்று, கடைக்காரர் நமக்கு விற்றால் மற்றொன்று. சுதந்திரத்துக்குப் பிறகு அது ரூபாய்க்கு மூன்று பை ஆயிற்று. பழைய கணக்கில் மூன்று பை என்றால் காலணா. ரூபாய்க்குக் காலணா என்று சொன்னால் என் வயதுக்காரர்களுக்கு உடனே புரியும்.

பச்சைத் தோலையும் பதனிட்ட தோலையும் மட்டும் தனியாக வைத்தார்கள். அது கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் வரி போட்டால் தோல் வியாபாரம் தாங்காது என்று ஒரே இடத்தில் வரி. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எல்லாம் இந்த விதியைச் சுற்றித்தான் கணக்கு எழுதின. நான் ஆம்பூரில் வேலை பார்த்தபோது மூத்த உதவியாளர் ஒருவர் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பாடமாக ஒரு தோல் வழக்கைச் சொல்வார். மேதாப் மஜீத் கம்பெனி என்று சென்னைத் தோல் வியாபாரிகள், சென்னை அரசுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போனார்கள். 1963 சட்ட இதழ்களில் அச்சான தீர்ப்பு. விஷயம் இதுதான். நம் மாநிலத்திலேயே பதனிட்ட தோலுக்கு, அது பச்சைத் தோலாக வாங்கப்பட்டபோது இருந்த விலையின்மேல் வரி. வெளிமாநிலத்தில் பதனிட்டு இங்கே வந்த தோலுக்கு, பதனிட்ட பிறகு உள்ள விலையின்மேல் வரி. சதவீதம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் பச்சைத் தோல் விலை எங்கே, ஆவாரம்பட்டையில் ஊறி எழுந்த தோலின் விலை எங்கே? வெளியிலிருந்து வந்த தோலுக்கு வரி கூடுதலாக விழுந்தது. இது பாரபட்சம், அரசியல் சட்டத்தின் 304-ஆம் பிரிவுக்கு விரோதம் என்று நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளிவிட்டது. அரசு அவசரமாக வேறொரு சட்டம் கொண்டுவந்தது, அதுவும் 1964-இல் உச்ச நீதிமன்றத்தில் அடி வாங்கியது.

"எத்தனை சதவீதம்னு கேக்காதே, எந்த விலை மேலேன்னு கேளு" என்பார் அந்தப் பெரியவர். டிராக்டர் பில்லையும் நான் அப்படித்தான் படிக்கிறேன்.

இந்த இடத்தில் என் சொந்த ஊரையும் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறேன். நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில் என்று முன்பே எழுதியிருக்கிறேன். பாலாற்றங்கரைக்கு வந்து தமிழில் கோப்பு எழுதப் பழகியது தனிக் கதை. புதுச்சேரிக்காரர்கள் 1965-இல் ஒரு காரியம் செய்தார்கள். விற்பனை வரிக்குத் தனியாக ஒரு சட்டம் உட்கார்ந்து எழுத வேண்டுமா என்று, சென்னையின் 1959-ஆம் வருஷச் சட்டத்தையே, நடைமுறைக்கு வரும் நாளில் அது எப்படி இருக்கிறதோ அப்படியே எடுத்துக்கொள்கிறோம் என்று ஒரு சட்டம் போட்டார்கள். 1966 ஏப்ரல் 1-இல் அது நடைமுறைக்கு வருவதற்குள் சென்னை சட்டசபை தன் சட்டத்தைத் திருத்திவிட்டது. தாங்கள் பார்க்காத திருத்தத்துக்குப் புதுச்சேரி முன்கூட்டியே கையெழுத்துப் போட்டதாக ஆயிற்று. ஷாமா ராவ் என்ற வியாபாரி வழக்குப் போட்டார். 1967-இல் உச்ச நீதிமன்றம், இது சட்டசபை தன் வேலையைக் கைவிட்டதற்குச் சமம், செல்லாது என்றது. பிறகு அவர்களே ஒழுங்காக எழுதிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு புதுச்சேரியில் வரி குறைவு என்ற பேச்சு நம் பக்கமெல்லாம் பரவியது. ஸ்கூட்டரும் காரும் அங்கே போய் வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தார்கள். எனக்குப் பிறந்த ஊர் என்பதால் எத்தனையோ பேர் என்னிடம் வந்து, அங்கே தெரிந்த கடை இருக்கிறதா என்று கேட்டதுண்டு, அதுவும் வரி ஆபீசிலேயே வந்து! 1990-இல் தமிழ்நாடு அதற்கு ஒரு பூட்டுப் போட்டது. வெளியில் வாங்கி உள்ளே கொண்டுவரும் மோட்டார் வாகனங்களுக்கு நுழைவு வரி. அங்கே கட்டிய விற்பனை வரியைக் கழித்துக்கொண்டு மீதியை இங்கே கட்ட வேண்டும். அத்தோடு அந்தப் போக்குவரத்து மெலிந்தது.

இனி 1983.

என் மாப்பிள்ளைக்கு மாதனூர் பக்கம் ஆற்றோரமாக நிலம். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக மாறிக்கொண்டிருந்த காலம். நெல்லை நம்பி இனிப் பிழைக்க முடியாது, டிராக்டர் வாங்கினால் நம் நிலத்தையும் உழலாம், ஊராருக்கும் உழலாம், டிரெய்லர் கட்டினால் லோடும் அடிக்கலாம் என்று முடிவு செய்தார். நிலவள வங்கியில் நிலத்தை அடமானம் வைத்துக் கடன். வங்கி முழுத் தொகையும் தராது, நம் பங்கு என்று ஒரு பகுதி கட்ட வேண்டும். அதற்காக என் தங்கை தன் சங்கிலியையும் இரண்டு வளையலையும் கழற்றிக் கொடுத்தாள். "மச்சான், நீங்க கூட வாங்க, பில்லு கில்லு எல்லாம் நீங்க பாத்துக்கணும்" என்றார் மாப்பிள்ளை. நானும் பெருமையோடு லீவு போட்டுவிட்டுப் போனேன்.

அந்த வண்டி வடக்கே தயாரானது. இது முக்கியம். அப்போது டிராக்டருக்கு ஒருமுனை வரி, அதாவது தமிழ்நாட்டுக்குள் நடக்கும் முதல் விற்பனையில் மட்டும் வரி. சென்னை செம்பியத்தில் டாபே தயாரித்த வண்டி என்றால் கம்பெனி டீலருக்கு விற்பதே முதல் விற்பனை, டீலர் நமக்கு விற்பது இரண்டாவது, அதற்கு வரி கிடையாது. ஏற்கெனவே கட்டிய வரி விலைக்குள்ளேயே இருக்கும். வெளிமாநிலத்திலிருந்து டீலரே 'சி' பாரம் கொடுத்து வரவழைத்த வண்டிக்கு, மத்திய விற்பனை வரி 4 சதவீதம் அங்கேயே கட்டி, அது அடக்க விலையில் ஏறிக்கொண்டு வரும். பிறகு இங்கே டீலர் விற்பதுதான் முதல் விற்பனை. அந்த 4 சதவீதம் ஏறிய விலையின்மேல் நம் மாநில வரி விழும். வரியின்மேல் வரி. மாப்பிள்ளைக்கு நான் இதை விளக்கியபோது அவர் தலையை ஆட்டினார், பாவம், ஒன்றும் புரிந்திருக்காது.

பில் வந்தது. எண்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைய விலை, விற்பனை வரி, அதன் கீழே "அடிஷனல் சேல்ஸ் டாக்ஸ்" என்று 412 ரூபாய். என் அரை மாதச் சம்பளத்தைவிட அதிகம்.

அங்கேதான் என் கண் நின்றது. 1970-இல் தமிழ்நாடு கூடுதல் விற்பனை வரிச் சட்டம் என்று ஒன்று வந்தது. ஒரு வரம்புக்குமேல் வியாபாரம் செய்கிற பெரிய டீலர்கள் வழக்கமான வரியோடு இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கட்ட வேண்டும். அந்தச் சட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. இந்தக் கூடுதல் வரியை வாங்குகிறவரிடம் வசூலிக்கக் கூடாது. டீலர் தன் லாபத்திலிருந்து கட்ட வேண்டும். அது எப்படி நியாயம், விற்பனை வரி என்றாலே வாங்குகிறவன் தலையில் போய்ச் சேர வேண்டியதுதானே என்று வியாபாரிகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். கோடர் வழக்கு என்பார்கள், 1974-இல் தீர்ப்பு. வரி கட்ட வேண்டியவர் டீலர்தான், அதை அவர் பிறரிடம் வாங்கிக்கொள்ள முடியாது என்பதால் அது விற்பனை வரி இல்லை என்று ஆகிவிடாது என்று சட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

ஆகவே அந்த 412 ரூபாய் சட்டப்படி மாப்பிள்ளை கொடுக்க வேண்டியதே இல்லை. நான் மானேஜரிடம் பில்லை நீட்டி, எந்தச் சட்டத்தில் இதை வசூல் செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார் நம்ம டிபார்ட்மெண்டா? மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று சிரித்து, பையனை அனுப்பிக் காபி வரவழைத்தார். பில்லை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். புதுப் பில் எழுதினார். அதில் கூடுதல் வரி இல்லை. அதற்குப் பதில் "சர்வீஸ், ஹேண்ட்லிங் - 412" என்று இருந்தது.

மாப்பிள்ளை இரண்டு பில்லின் மொத்தத்தையும் மனதிலேயே ஒப்பிட்டுவிட்டார். வெளியே வந்து, "மச்சான், கடைசியில மொத்தம் அதேதானே இருக்கு?" என்றார்.

ஆமாம், அதேதான்.

நான் என்ன செய்திருக்கலாம் என்று பிற்பாடு பலமுறை யோசித்ததுண்டு. முதல் பில்லைக் கிழிக்க விடாமல் கையில் வாங்கிக்கொண்டு, எழுத்தில் புகார் கொடுத்திருக்கலாம். வசூலிக்கக் கூடாத வரியை வசூலித்தால் டீலருக்கு அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் அந்த அபராதம் சர்க்கார் கஜானாவுக்குப் போகும், என் தங்கையின் சங்கிலிக்கு வராது. தவறாக வசூலித்த வரிப் பணம் யாருக்குச் சேரும் என்பது நாடு முழுவதும் நடந்த சண்டை. 1964-இல் ஹைதராபாத் வழக்கொன்றில், அதை அரசு பிடுங்கிக்கொள்ள மாநிலச் சட்டத்துக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். 1977-இல் அஜித் மில்ஸ் வழக்கில் ஏழு நீதிபதிகள் உட்கார்ந்து, வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில், தண்டனையாகப் பறிமுதல் செய்யலாம் என்றார்கள். டீலருக்கா சர்க்காருக்கா என்று பதின்மூன்று வருஷம் வாதாடியதில், பணத்தைக் கொடுத்த ஆள் வழக்கில் கட்சிக்காரர் இல்லை.

இதெல்லாம் உண்மை. ஆனால் நான் வாயை மூடிக்கொண்டதற்கு முழுக் காரணம் இதுவல்ல. மழைக்கு முன் வண்டி வீடு வந்து சேர வேண்டும். தகராறு செய்தால் "ஸ்டாக் இல்லை, அடுத்த லாட்டில் பார்ப்போம்" என்று சொல்லிவிடுவார்கள். இதைவிட இன்னொன்று, அந்தக் காபியை நான் குடித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஆபீசில் கணக்குப் புத்தகங்கள் வரும்போதெல்லாம் அந்த ஹேண்ட்லிங் வரியைத் தேடிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. எத்தனை கடைகளில் இருந்தது என்று கணக்கெடுத்தவன் இல்லை நான், ஆகவே எண்ணிக்கை சொல்ல மாட்டேன். வரி என்ற பெயரில் வாங்கக் கூடாது என்று சட்டம் எதைத் தடுத்ததோ அது சேவை என்ற பெயரில் உள்ளே வந்தது என்பது என் சொந்த அபிப்பிராயம். எங்கள் வேலை அந்தத் தொகை விற்றுமுதலில் சேர்ந்திருக்கிறதா, அதற்கு வரி கட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பது. சேர்ந்திருந்தால் பச்சை மசியில் ஒரு டிக் விழும். அந்தக் கட்டணமே நியாயமா என்று கேட்பதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2004 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் டிராக்டருக்கு மத்திய கலால் வரியை எடுத்துவிட்டார். மற்ற பல மாநிலங்கள் 2005 ஏப்ரலிலேயே வாட்டுக்கு மாற, தமிழ்நாடு 2007 ஜனவரி 1-இல்தான் மாறியது. வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது கழித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு. ஆபீசில் எல்லோரும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது எனக்கு மட்டும் அது புதிதாகத் தெரியவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 'தேவேஆ' என்று சொல்லும் அதே வரிதான். மொரீஸ் லொரே என்ற வரித்துறை அதிகாரி வகுத்துக் கொடுத்து 1954-இல் பிரான்சில் வந்தது. அந்த வருஷம் நவம்பர் 1-இல்தான் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அவர்கள் கிளம்பிப் போன வருஷம் அங்கே பிறந்த வரி, 53 வருஷம் கழித்து, நான் ஓய்வுபெற ஒரு வருஷம் இருக்கும்போது வேலூரில் வந்து என்னைப் பிடித்தது.

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது. டிராக்டருக்கு 12 சதவீதம். உதிரி பாகங்களுக்கு 28 என்று முதலில் வைத்து, விவசாயிகள் கத்தியதில் கடைசி நாளில் 18 ஆக்கினார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும் அதன் டயர், பாகங்களுக்கும் 5 சதவீதம். வட ஆற்காடு உடைந்து வேலூர் ஆகி, அதுவும் 2019-இல் உடைந்து ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. எங்கள் பழைய சரகங்களும் ரிஜிஸ்டர்களும் எல்லாம் போயின. ஹேண்ட்லிங் சார்ஜஸ் மட்டும் இருக்கிறது.

பேரனுக்குப் போன் போட்டு நான் சொன்னது இவ்வளவுதான். ஜி.எஸ்.டி. கணக்குச் சரி. பதிவுக் கட்டணத்துக்கு ஆர்.டி.ஓ. ரசீது கேள், டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு என்பதை மறக்காதே. இன்சூரன்ஸ் அவர்கள் கையால்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, வெளியில் விலை கேட்டுப் பார். மேல்கூரையும் பம்பரும் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல். அந்தக் கடைசி வரி சர்க்காருக்குப் போகிற பணம் இல்லை, டீலரின் பணம். வண்டியைக் கொடுப்பதற்கு முன்னால் செய்கிற எந்த வேலைக்கும் அவர் வாங்குகிற தொகை ஜி.எஸ்.டி. சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி விற்பனை மதிப்பில் சேரும். ஆகவே அதற்கும் நீ வரி கொடுக்கிறாய். எதற்காக இது என்று எழுத்தில் கேள். மொத்தத்தைப் பேசாதே, அந்த வரியை மட்டும் பேசு. பில்லை யார் கையிலும் திருப்பிக் கொடுக்காதே.

ஒரு வாரம் கழித்துச் சொன்னான், ஹேண்ட்லிங்கில் பாதியைக் குறைத்து, மேல்கூரையை எடுத்துவிட்டார்களாம். வண்டி வந்துவிட்டது, பூஜை போட்டாயிற்று. போனை அவன் பாட்டி வாங்கினாள். மாப்பிள்ளை போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. டிரங்குப் பெட்டியில் அவருடைய பழைய டிராக்டர் பில் இன்னும் இருப்பதாகவும், பையன் நான் சொன்னதைக் கேட்டு அதை எடுத்துப் பார்த்ததாகவும் சொன்னாள்.

"நானூத்திப் பன்னெண்டுன்னு போட்டிருக்குண்ணா. நீ கூடப் போனியே, அதுல ஒரு ரூபா கூட கொறைக்கலையா?" என்று கேட்டாள்.

இல்லைம்மா என்றேன்.

"சரி, சாப்பிட்டியா?" என்றாள்.